சித்தி லைலாவின் பச்சைச் சீலை

என்னிடம் பழைய போட்டோ கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்லத்தான் வருகிறார்கள். வாப்பாவைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க என்பார்கள். உம்மாவின் கழுத்தில் ஒரு சங்கிலி போட்டு விடுங்க, அப்ப இருந்ததுதான், இந்தப் படத்தில் மறைந்துபோச்சு என்பார்கள். ஒருவர் தன் மூத்தப்பாவின் வெறுங்காலுக்குச் சப்பாத்துக் கேட்டார். வயல் வரம்பில் நிற்கிற மனிசனுக்கு என்னத்துக்குச் சப்பாத்து என்று நான் கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டு போய், என் வாயைப் பற்றிக் கல்முனை முழுக்கக் கதைத்துத் திரிந்தார். கதைக்கட்டும். என் வாய் அப்படித்தான்.

என் பெயர் றினோஸா. சாய்ந்தமருதில் என் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. பாஸ்போட் படம், அடையாள அட்டைப் படம், கலியாண அல்பம் எல்லாம் செய்வேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் கொடுப்பது ஆசைக்குத் தொடங்கிய வேலை. பழைய சந்தை, பஸ் நிலையம், வெள்ளாமை வெட்டு, கரைவலை இழுக்கிறவர்கள் என்று கையில் கிடைத்த படங்களுக்கெல்லாம் கொம்பியூட்டரில் நிறம் கொடுத்துப் பேஸ்புக்கில் போடுவேன். போட்டால் சும்மா விடுவார்களா. தண்ணீர்த் தாங்கி நீலமில்லை, சாம்பல் என்று லண்டனிலிருந்து ஒருவர் எழுதுவார். அதன் அடியில்தான் நான் மாபிள் விளையாடினேன், நீலமேதான் என்று நிந்தவூரிலிருந்து இன்னொருவர் பாய்வார். எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும். நானும் இறங்கி நாலு வார்த்தை போடுவேன்.

கொம்பியூட்டரே தானாக நிறம் போட்டுத் தரும்தான். ஆனால் அதற்கு எங்கள் ஊரைத் தெரியாது. எல்லாப் பெண்களுக்கும் ஒரே மங்கிய நீலத்தில் சீலை உடுத்திவிடும். நான் அப்படி விடமாட்டேன். ஆளைத் தேடிக் கேட்டு, மெய்யான நிறத்தைத்தான் போடுவேன். தெரியாவிட்டால் அந்த இடத்தைச் சாம்பலாகவே விட்டுவிடுவேன். இந்த வீம்போடு இருந்த என்னிடம்தான் சீனிமுகம்மது மாமா வந்தார்.

அவரை இந்தக் கரையோரத்தில் தெரியாதவர்கள் குறைவு. சாய்ந்தமருதில் பிறந்து, மருதமுனையில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிபோனவர். மாமனார் வீட்டில் தறி இருந்தது. அங்கே நெய்த சீலையையும் சாரனையும் பெரிய பொட்டணியாகச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில், வினாயகபுரம் என்று ஊர் ஊராகப் போய் விற்றார். முஸ்லிம் வீடோ தமிழ் வீடோ, அவர் போனால் உட்காரப் பாயும் குடிக்கத் தேத்தண்ணியும் வரும். சீலைக்காரர் என்றால் அது அவர்தான்.

உலகத்தில் தன் சாமானைத் தானே புகழாத வியாபாரி இவர் ஒருவர்தான் என்று என் உம்மா சொல்வா. வாசலில் பொட்டணியை அவிழ்த்து விரித்துவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்துகொள்வாராம். இது அரக்கா, குங்குமமா, நல்ல வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று பெண்கள் கேட்டால், "உங்கட கண்ணால பாத்து எடுங்க. நான் சொல்லி எடுத்தா நாளைக்கு என்னத்தான் ஏசுவீங்க" என்பாராம். மற்ற வியாபாரிகள் வெளுத்த சீலையையும் பட்டு என்று சத்தியம் பண்ணி விற்ற காலம் அது. இந்த மனிசன் பொய் சொல்லாது என்று சனம் இவரிடமே எடுத்தது. அந்த நல்ல பேர் எப்படி வந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

போன வருஷம் ஒரு காலையில், வெயில் ஏறுமுன்னே, வாசலில் நின்று ஸலாம் சொன்னார். கட்டம் போட்ட சாரன், அதற்குக் கொஞ்சமும் ஒட்டாத ஒரு சட்டை. எழுபத்தைந்து தாண்டியிருக்கும், ஆனாலும் நிமிர்ந்த ஆள். உள்ளே வந்து கதிரையில் இருந்து, பேர்ஸைத் திறந்து, பொலித்தீனில் சுற்றிய சின்னப் படம் ஒன்றை எடுத்தார். என் கையில் தரவில்லை. மேசையில் வைத்து, ஒரு விரலால் என் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"இது நானும் என்ட பொஞ்சாதியும். சித்தி லைலா. அவ மவுத்தாகி ரெண்டு வருஷம்."

சித்தி என்பது அவவின் பெயரிலேயே உள்ளது, உறவுமுறை இல்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்ற விழாவில் எடுத்த படம். அந்தக் காலத்தில் கொடியேற்றத்துக்கு ஸ்டூடியோக்காரர்கள் கமெராவோடு கடற்கரையில் நிற்பார்கள். பின்னால் வளையல் கடையின் கூரைச் சீலை, பலூன்காரர், தள்ளிக் கடல். முன்னால் மீசை வைத்த இளந்தாரி ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கமெராவை முறைக்கிறார். பக்கத்தில் முந்தானையால் முக்காடு போட்ட பெண். அவ கமெராவைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்க்கிறா. என்னவோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்ட மாதிரி ஒரு முகம்.

"இந்தச் சீல நான் எடுத்துக் குடுத்தது, புள்ள. ஊருக்கெல்லாம் சீல வித்தன். அவவுக்கெண்டு நானா தெரிஞ்சி எடுத்தது இது ஒண்டுதான். மத்ததெல்லாம் அவவே பொட்டணில இருந்து எடுத்துக்குவா. இத உடுத்தித்து நிக்கிற மாதிரி அவவ ஒருக்காப் பாக்கணும்."

"என்ன நிறம் மாமா?"

"பச்ச."

"வேற படம் ஒண்டும் இல்லையா?"

"வீட்டுல இருந்ததெல்லாம் சுனாமியோட போயித்து. அந்தச் சீலையும் போயித்து. இது பேர்ஸுக்குள்ள என்னோட இருந்தபடியாத் தப்பின. அடையாள அட்டைப் படம் ஒண்டு இரிக்கி. அதுல அவ ஆரோ மாதிரி இரிக்கா." பிறகு படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "இதுல அவ தூரத்துல நிக்கிற மாதிரி இரிக்கி. நிறம் வந்தா கொஞ்சம் கிட்ட வருவா எண்டு நினைக்கன்."

ஆனாலும் வேலை வேலைதான். சைக்கிள் என்ன நிறம், சட்டை என்ன நிறம் என்று கேட்டேன். சைக்கிள் கறுப்பு, சட்டை வெள்ளை என்று டக்கென்று சொன்னார். அடுத்த கிழமை வாங்க என்று அனுப்பினேன்.

கடலுக்கும் மணலுக்கும் நிறம் போடுவது லேசு. பலூன்களுக்கு ஆசைப்பட்ட நிறம் போடலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இரண்டு முகங்களுக்கும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். சீலையை மட்டும் தொடவில்லை. பச்சையில் எத்தனை பச்சை இருக்கிறது. அதை அவரிடம் கேட்டுத்தான் போடுவது என்று சாம்பலாகவே விட்டு வைத்தேன். அதுதான் பிழையாகப் போச்சு.

அடுத்த கிழமை வந்தவர் திரையைப் பார்த்ததும் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். சுற்றிவர எல்லாவற்றுக்கும் நிறம் வந்திருந்ததால், நடுவில் அந்த வெளிறிய சாம்பல் அசல் வெள்ளைச் சீலையாகவே தெரிந்தது. எங்கள் ஊரில் பெண் வெள்ளைச் சீலை உடுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். புருஷன் மவுத்தாகி, அவ இத்தாவில் வீட்டோடு இருக்கிறா.

"என்ன புள்ள இது. நான் பக்கத்துல குத்துக்கல்லாட்டம் உசிரோட நிக்கன், என்ட பொஞ்சாதிய இத்தாவில இருத்திப் போட்டியே."

"அல்லாட காவல், மாமா. அது இன்னும் நிறம் போடாத இடம். என்ன பச்சயெண்டு சொல்லுங்க, இப்பவே போட்டுத் தாறன்."

"பச்சதான்."

"பச்சயெண்டா வாழைக்குருத்தா, பாசியா, கிளியா?"

"நல்ல பச்ச."

"நல்ல பச்சயெண்டா?"

"பச்சயெண்டா பச்சதான் புள்ள. என்னத்துக்கு இவ்வளவு கேள்வி?"

காலமெல்லாம் சீலை விற்ற மனிசன் ஒரு பச்சைக்குப் பேர் சொல்லத் தெரியாமல் நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. நான் திரையில் நிற அட்டவணையைத் திறந்தேன். எல்லா நிறமும் கட்டம் கட்டமாக வரும். "வாயால சொல்லத் தேவையில்ல. விரலால தொட்டுக் காட்டுங்க" என்றேன். அவர் கிட்டக் குனிந்தார். விரல் மேலும் கீழும் போச்சு. பச்சை வரிசையைத் தாண்டிக் கீழே இறங்கி, செங்கல் சிவப்பில் போய் நின்றது.

"இந்தா. இது."

பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் பகிடி இல்லை. என் வாய் சும்மா கிடக்குமா. "மாமா, கண்ண டொக்டரிட்டக் காட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போச்சு. என்ட கண்ணுக்கு ஒண்டுமில்லை என்றார். படத்தை முடித்து வை, பிறகு வாறன் என்று எழும்பிப் போய்விட்டார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய், படலையடியில் நின்று சரிப்படுத்திக்கொண்டதைப் பார்த்தேன். அன்று முழுக்க எனக்கு வேலையில் மனம் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரு கலியாண அல்பம் கொடுக்க மருதமுனைக்குப் போனேன். மணமகள் நஸ்லினின் உம்மம்மா றாபியா மாமிதான் சித்தி லைலாவின் தங்கை. அந்த வீட்டில் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது. மாமி அல்பத்தைப் புரட்டி, சாப்பாடு பரிமாறுகிற படத்தில் தன் முகம் கோணலாக விழுந்திருக்கிறது என்று என்னை ஏசி முடித்த பிறகு, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"மாமி, கொடியேத்தத்துல எடுத்த படத்துல உங்கட ராத்தா உடுத்திருந்தாவே ஒரு சீல. அது என்ன பச்ச?"

"பச்சையா? அது நல்ல மாதுளம்பூச் செவப்பெல்லோ" என்று சொன்ன மாமி, சொன்ன வாயையே கையால் பொத்திக்கொண்டா. பிறகு எழும்பிப் போய் வாசற் கதவைச் சாத்திவிட்டு வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்தா.

"புள்ள, மச்சானுக்குச் செவப்பும் பச்சையும் ஒண்டுதான். பொறப்புல இருந்தே அப்புடி. கலியாணம் முடிச்ச புதுசுல, பழுத்த மிளகாயாப் பாத்துப் பறிச்சித்து வாங்க எண்டு ராத்தா அனுப்பினா, பச்சையும் பழமுமாக் கலந்து கொண்டாந்து வெச்சித்தார். அப்பதான் அவவுக்கு விளங்கின. வேற ஒருத்தருக்கும் சொல்லல்ல. நான் கூட இருந்தபடியா எனக்குத் தெரியும்."

சீலை விற்கிற ஆளுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது என்று ஊர் அறிந்தால் பிழைப்பு என்னாகும். சித்தி லைலா ஒரு வேலை செய்திருக்கிறா. ஒவ்வொரு சீலையின் ஓரத்து நூல் தும்பிலும் சின்ன முடிச்சுப் போட்டா. சிவப்பென்றால் ஒன்று, பச்சையென்றால் இரண்டு. விடியப்புறம் அவவே பொட்டணி கட்டுவா.

"வீடு வழிய சீலைய விரிக்கக்குள்ள மச்சான் தும்ப ஒருக்காத் தடவிப் பாப்பார். சனம் நினைச்சித்து, நூலுட தரம் பாக்காரெண்டு. ஆனா முடிச்சி செவப்பெண்டுதான் சொல்லும். அரக்கா குங்குமமா எண்டு எப்புடிச் சொல்லும்? அதான் உங்கட கண்ணால பாத்து எடுங்க எண்டு சொல்லி ஒதுங்கிக்குவார்."

நான் சிரித்துவிட்டேன். மாமியும் சிரித்தா. பிறகு அந்தக் கொடியேற்றத்தைச் சொன்னா. அந்த வருஷம் லைலாவுக்கு முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை. அவ யாரோடும் கதைக்காமல் கிடந்தா. வெளியில் கூட்டிப்போனால் மனம் தேறும் என்று மாமா அவவையும் றாபியா மாமியையும் கொடியேற்றத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். போன இடத்தில் மனிசன் சனத்துக்குள் காணாமல் போய், கையில் ஒரு பாசலோடு திரும்பி வந்தார். லைலாவுக்குப் பச்சை என்றால் உயிர்.

"கடைச் சீலையில முடிச்சி ஏது, புள்ள. ஒருத்தரிட்டயும் கேக்க வெக்கம். தானாவே தெரிஞ்சி எடுத்திரிக்கார். 'லைலா, உனக்குப் பிடிச்ச பச்ச' எண்டு நீட்டினார். விரிச்சாச் செவப்பு. நான் வாயத் தொறக்கப் போனன். இடுப்புல கிள்ளினா பாரு ஒரு கிள்ளு, எட்டு நாள் நீலமாக் கண்டியிருந்த. கொஞ்சம் பேசாம நிண்டா. பிறகு, 'ஓம், நல்ல பச்ச' எண்டா. அப்பவே எங்கட சாச்சி வீட்ட போய் உடுத்தித்து வந்து, படத்துக்கும் நிண்டா. பிள்ளை போனதுக்குப் பிறகு அவ சிரிச்சத நான் அண்டைக்குத்தான் கண்ட."

அதன் பிறகு அந்த வீட்டில் அது பச்சைச் சீலைதான். பச்சச் சீலைய எடு, பச்சச் சீல காஞ்சித்தா என்றுதான் கதை. மகள் நதீரா சின்ன வகுப்பில் செவ்வரத்தம் பூவுக்குப் பச்சை என்று சொல்லி டீச்சரிடம் ஏச்சு வாங்கினாளாம். எங்கட வீட்ட இதுதான் பச்ச என்று அழுதுகொண்டு வந்த பிள்ளையிடம், அது வாப்பாவுக்காகச் சொல்ற பேர், வெளியில சொல்லக்கூடாது என்று லைலா மடியில் வைத்து விளங்கப்படுத்தியிருக்கிறா.

"அவருக்கு இது தெரியா, புள்ள. தெரியாமலே அவவும் போயித்தா. நீ உன்ட வாய வெச்சிக்கிட்டுப் போய்ச் சொல்லிப்போடாத."

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் இருந்து யோசித்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத்தான் விழும். இத்தனை வருஷம் இந்த வேலை செய்கிற எனக்கு அது தெரியாததல்ல. அந்தக் கொடியேற்றக் கமெராவும் மாமாவின் கண்ணைப் போலத்தான் பார்த்திருக்கிறது. லைலா ஏன் கமெராவைப் பார்க்காமல் அவரைப் பார்த்தா என்பதும் இப்போது விளங்கியது. சொல்லாமல் மூடிய வாய் அது.

வீட்டுக்கு வந்து கட்டாரில் இருக்கிற என் மனிசன் முபீனுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன். "நீங்க கடைசியா வெளிக்கிடக்குள்ள நான் என்ன நிறம் உடுத்திருந்தன்?" என்று கேட்டேன். கறுப்பு என்றார் யோசிக்காமல். அபாயா கறுப்பில்லாமல் வேறு என்ன. உள்ளுக்கு என்ன உடுப்பு என்று கேட்டேன். அதற்கு அவர், சாப்பிட்டியா என்று கேட்டார். எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனிசன் நிறம் தெரிந்த கண்ணோடு என்னைப் பார்க்காமல் அங்கே கிடக்கிறார். பக்கத்தில் இருந்தால் லைலாவைப் போல நானும் அவருக்காக ஏதாவது ஒரு நிறத்தைச் சொல்லியிருப்பேன்.

பிறகு படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தேன். பச்சை போட்டால் அவர் கேட்டதைக் கொடுத்ததாகும். ஆனால் சித்தி லைலா உடுத்தாத சீலையை உடுத்திவிட்டதாகும். வெறுங்காலுக்குச் சப்பாத்துப் போடமாட்டேன் என்று ஊரோடு சண்டை பிடித்தவள் நான். அதோடு, நதீரா பார்த்தால் என்ன நினைப்பாள். அவளுக்கும் அது உம்மா அல்லவா. சிவப்பு போட்டால் படம் சரி. அவரிடம் பச்சை என்று பொய் சொல்லவேண்டும். அப்படியே செய்வது என்று முடிவெடுத்தேன். படத்தில் பொய் வேண்டாம், வாயில் இருக்கட்டும். வாய்க்கு அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்துகொள்ளலாம்.

மாதுளம்பூச் சிவப்பைப் போட்டேன். போட்டதும் படமே மாறிப்போச்சு. அந்தக் கடற்கரையில் நிற்கிற எல்லாச் சனத்துக்குள்ளும் அவ ஒருத்திதான் தெரிந்தா. அவ்வளவு எடுப்பான சிவப்பு. அதை உடுத்திக்கொண்டு, பச்சை என்று சொல்லிக்கொண்டு, அவ அவரைப் பார்க்கிற பார்வையைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் கை வேலையை விட்டுவிட்டு இருந்தேன்.

மூன்றாம் முறை அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து. வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். கண்ணைப் பற்றி நான் கேட்டதை மறந்தவர் போலத்தான் வந்தார். கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டார். படத்தைத் திறந்தேன். மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். விரலால் திரையைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"சீல என்ன நிறம் வந்திரிக்கி, புள்ள?"

காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். ஒரே சொல். சீலை விற்ற காலமெல்லாம் ஊருக்கு ஒரு பொய் சொல்லாத மனிசனின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல வேண்டியிருந்தது. கீபோட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"பச்ச, மாமா."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெல்லச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துபோச்சு.

"அவவும் இப்புடித்தான். உடனே சொல்லல்ல, கொஞ்சம் சொணங்கித்தான் சொன்னா."

நான் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினேன். அவரே சொன்னார்.

"செவப்பெண்டு எனக்குத் தெரியும், புள்ள. அதுக்கடுத்த பெருநாளைக்கு அதத்தான் உடுத்தா. நான் கிணத்தடியில நிக்கன். பக்கத்து வீட்டுப் பொம்புள ஒண்டு வேலிக்கு மேலால, 'லைலா, இந்தச் செவப்பு உனக்கு நல்ல எடுப்பு' எண்டா. லைலா ஓடிப்போய், 'சத்தம் போடாதங்க, அவர் கேட்டா மனசு உடைஞ்சிருவார்' எண்டு கெஞ்சினது எனக்குக் கேட்டிச்சு."

"அப்ப ஏன் மாமா நீங்க ஒண்டும் சொல்லல்ல?"

"சொன்னா அவ அத மடிச்சி வெச்சிருவா. பிறகு உடுக்கமாட்டா." சாரன் நுனியால் கண்ணைத் துடைத்தார். "பெருநாள், கலியாணம் எண்டா அத உடுத்தித்து என்ட முன்னால வந்து நிப்பா. 'பச்சச் சீல உடுத்திரிக்கன், பாருங்க' எண்டுவா. அதக் கேக்க எனக்கு ஆசை. சீல கிழிஞ்சி, தைச்சி, பிறகும் உடுத்தா. நான் அறிஞ்சிட்டன் எண்டு அவவுக்குத் தெரியுமோ தெரியா. அவவும் கேக்கல்ல, நானும் கேக்கல்ல."

வெளியே ஐஸ்கிறீம் வண்டியின் மணி போய்க்கொண்டிருந்தது. அவர் குனிந்து தன் சட்டையின் நுனியைத் தடவிப் பார்த்தார்.

"இப்ப நிறம் சொல்ல ஆளில்ல, புள்ள. காலையில சட்டையக் கையில வெச்சிக்கிட்டு நிக்கன், இது சாரனுக்கு ஒத்துவருமா எண்டு தெரியாம. மகளக் கூப்பிட்டுக் கேக்க வெக்கம். வாழப்பழம் வாங்கப் போனாலும் கடக்காரன் தாறதத்தான் வாங்கித்து வாறன். அதெல்லாம் பெரிசில்ல. அவ சொல்றது காதுக்குள்ள இல்ல. அதுதான் எனக்குத் தாங்கேலாம இரிக்கி."

முபீனிடம் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது.

"செவப்பத்தானே அடிச்சிரிக்காய்?" என்று கேட்டார்.

"ஓம் மாமா. பச்சையா மாத்தித் தரவா?"

"வேணாம், வேணாம். அவ உடுத்தது செவப்பு. நதீரா பாக்கணும், அவள்ட புள்ளைகள் பாக்கணும். அது அப்புடியே இரிக்கட்டும். பேர மட்டும் மாத்திப்போடாத, அதுட பேர் பச்சச் சீலதான்."

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவர் முதல் நாள் சொன்னது என் மனதில் கிடந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமா, கிட்ட வந்தாவா?"

"படத்துல இல்ல. நீ பச்சயெண்டு சொல்லக்குள்ள வந்தா" என்றார்.

அவர் வாசலில் குனிந்து செருப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சுல்பிகா வந்தாள். நாலு வீடு தள்ளியிருக்கிறவள். மகனின் பாஸ்போட் படம் எடுக்க வந்தவள், உள்ளே வந்ததும் வராததுமாகத் திரையைப் பார்த்துவிட்டாள். படத்தை நான் மூடவில்லை.

"யா அல்லாஹ், றினோஸா ராத்தா, ஆரு இது? என்ன வடிவான செவப்புச் சீல."

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காகிதச் சுற்றை அணைத்துக்கொண்டு, அப்படியே நின்றார்.

"செவப்பில்ல புள்ள, அது பச்ச" என்றேன்.

சுல்பிகா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாளோ. இந்தத் தடவை நான் சுணங்கவில்லை.